மூன்றே காலுக்குப் பார்த்த யானை

நான் பயந்த சுபாவம். எங்கள் லயத்தில், எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இது எல்லாருக்கும் தெரியும். அட்டை காலில் ஏறினால் அலறுகிற ஆள் என்று என் மனைவியே பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தேயிலை ஃபாக்டரியில் ஆள் குறைத்தபோது என் வேலை போனது. சில மாதம் கழித்து வனத்துறையில் தற்காலிக வாச்சராக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தியைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டு மதினி கதவைத் திறந்து என்னவென்று எட்டிப் பார்த்தாள்.

"இவுக ஆனைக்குக் காவலாம் மதினி. இவுகளுக்குக் காவலா ஒரு ஆனையப் போட்டாத்தான் சரியா இருக்கும்" என்றாள் என் மனைவி.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஒரு காக்கிச் சட்டை, ஒரு மூங்கில் தடி, பையில் நாலைந்து பட்டாசு, தீப்பெட்டி, போன். என்னிடம் இருந்தது இவ்வளவுதான். வட்டவடைக்குப் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் எஸ்டேட். அதன் ஓரத்திலும் நடுவிலும் வெட்டாமல் விட்ட சோலைகள். அவற்றைச் சுற்றி வந்து, அங்கே தனியாகத் திரிகிற கொம்பன் யானை எங்கே நிற்கிறான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். யானையைப் பார்ப்பது என் வேலை. யானை என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்பது என் கவலை. முதல் ஒரு மாதம் தினமும் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்கினேன்.

எங்கள் பக்கம் யாரும் அவனை யானை என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்து நிற்கும் என்று ஒரு நினைப்பு. பெரியவர் என்பார்கள். தேயிலைக் கொளுந்து எடுக்கப் போகிற பெண்கள் வழியில் அவரைக் கண்டால் ஓட மாட்டார்கள். நின்று, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாகப் பேசுவார்கள். சாமி, வேலைக்கு நேரமாச்சு, வழி விடுங்க என்பார்கள். அவர் கொஞ்ச நேரம் காதை ஆட்டிக்கொண்டு நின்றுவிட்டு நகர்ந்துவிடுவார். இதைப் பலமுறை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய்ப் பார்க்கும் ஆசை எனக்கு வந்ததில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ரேஞ்ச் ஆபீசர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். மலையாளி. எங்களுக்காகத் தமிழையும் கலந்துகொள்வார். "இது டிபார்ட்மென்ட் ஆனை இல்லா. கம்பெனி ஆனை இல்லா. உன் ஆனையும் இல்லா. எல்லாருக்கும் உள்ளது. நாளைக்குப் பிறக்கப் போற பிள்ளைக்கும் இதில பங்கு உண்டு. சர்க்கார் காவலா நோக்கி வச்சிருக்கு, அத்ரே உள்ளூ, அவ்வளவுதான்" என்றார்.

ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களே, அப்படி ஒரு சாவி என்று நான் விளங்கிக்கொண்டேன். இன்னும் பிறக்காத யாரோ சர்க்காரிடம் கொடுத்தது. சர்க்கார் ரேஞ்ச் ஆபீசரிடம் கொடுத்தது. அவர் என் கையில் வைத்துவிட்டார். இதை நினைத்தபோது பெருமையாக இருந்தது. கொஞ்சம் உதறலாகவும் இருந்தது. காவலுக்கு ஆள் தேடியவர்களுக்கு நான்தானா கிடைத்தேன்?

பார்த்ததைச் சொல்ல ஒரு வாட்சப் குரூப் இருந்தது. லயத்துக் குடும்பங்கள், சூப்பர்வைசர்கள், ஃபாக்டரிக்காரர்கள், கடைக்காரர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர்கள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். எஸ்டேட்டில் தேயிலை நிற்கிற இடத்தைத்தான் நாங்கள் காடு என்போம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. பெரியவர் எத்தனையாம் நம்பர் காட்டில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று நான் எழுதிப் போட்டால், பார்த்தவர்கள் வேறு வழியாகப் போவார்கள். வருடக்கணக்கில் யானை மிதித்து ஆள் செத்துக்கொண்டிருந்த மலையில், அந்தக் குரூப் வந்த பிறகு ஒரு சாவு இல்லை. நான் இதில் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த வாச்சரும் இதையேதான் செய்தார்.

சிக்கல் ஜீப்பில் வந்தது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட ஜீப்புகள் பகல் முழுக்க டூரிஸ்டுகளை ஏற்றின. டூரிஸ்டுக்கு யானை பார்க்க வேண்டும். யானை எங்கே என்று நான்தான் நேரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தேனே. பிள்ளைகள் போகிற வண்டி என்பதால் அந்த டிரைவர்களைக் குரூப்பை விட்டு எடுக்கவும் முடியாது. ஒருநாள் மத்தியானம் நான் செய்தி போட்டுக் கால் மணி நேரத்தில் ஏழு ஜீப் வந்து நின்றது. பெரியவர் ரோட்டுக்குக் கீழே புல் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அஞ்சே அஞ்சு நிமிசம். பாவம், ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காங்க" என்றான் ஒரு டிரைவர். நான் தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றேன். என் தடியை யார் மதிக்கிறார்கள். ரோட்டோரக் கடையில் தழையோடு விற்கிற கேரட் கட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்த ஓர் ஆள், என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய் அதை நீட்டினார். அவருடைய சிநேகிதர் படம் எடுத்தார். பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது.

பெரியவர் காதை விரித்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்தது கானுக்குள் இருந்துதான். கான் என்றால் தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் போக வெட்டிய வாய்க்கால். எப்போது அதில் குதித்தேன் என்று நினைவில்லை. மேலே தகரம் நசுங்குகிற சத்தமும் ஆட்களின் கூச்சலும் கேட்டன. நான் எழுந்து பார்த்தபோது ஒரு ஜீப் கவிழ்ந்து கிடந்தது. கேரட் ஆள் முழங்கையில் தோல் உரிந்து, உயிரோடு அழுதுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அந்தப் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. கேரட் படத்தில் இல்லை. வெறிபிடித்த காட்டுயானை என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். ரேஞ்ச் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "இனி ஒரு சம்பவம் நடந்தா என்னால பிடிச்சு நிறுத்த ஆகாது. மயக்க ஊசி, லாரி, கூண்டு. பின்னே அது காட்டைப் பார்க்காது" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். முன்பு யானைக்குப் பயந்தேன். இப்போது யானைக்காகவும் பயந்தேன். ஒவ்வொரு முறையும் செய்தி போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஜீப் சத்தம் கேட்டால் எத்தனை வண்டி என்று எண்ணுவேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வாயுத் தொல்லை என்றேன்.

இப்படி ஒரு மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை. லீவு நாள் என்பதால் மேல் ரோட்டில் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. நான் பதினாலாம் நம்பர் காட்டுக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றே கால் மணிக்குக் கீழே சோலையில் ஒரு மரம் ஆடியது. பிறகு கொம்பு தெரிந்தது. பெரியவர் ஓடை ஓரமாக வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டார். நல்ல நிழல். பொழுது சாயும் வரை நகர மாட்டார் என்று தெரிந்தது.

போனை எடுத்து எழுதினேன். பெரியவர், பதினாலாம் நம்பருக்குக் கீழே சோலை, ஓடை ஓரம். அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மேல் ரோட்டைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த வரையில் மட்டும் ஒன்பது ஜீப். அங்கிருந்து சோலைக்கு இறங்கப் பத்து நிமிடம் போதும். ஓடைப் பள்ளத்தில் ஆட்கள் சுற்றி வளைத்தால் அவருக்குத் திரும்பவும் இடம் கிடையாது. ஒரு ஆளையாவது மிதிக்காமல் அங்கிருந்து வெளியே வர முடியாது.

கணக்குப் போட்டேன். அந்தச் சோலை வழியாக ஓர் ஒற்றையடிப் பாதை லயத்துக்குப் போகிறது. பதினாலிலும் பதினைந்திலும் வேலை இருந்தால்தான் பெண்கள் அதில் இறங்குவார்கள். அன்று எல்லாருக்கும் ஒன்பதாம் நம்பரில் வேலை. காலையில் டீ குடிக்கும்போது என் மனைவியே சொன்னாள். ஒன்பது எதிர் மலை. அங்கிருந்து யாரும் இந்தப் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. யாரும் வராத பாதைக்கு எச்சரிக்கை எதற்கு?

போனைப் பைக்குள் போட்டேன். எழுதியது அப்படியே இருந்தது, அனுப்பவில்லை. ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்டால் அனுப்பு என்றுதான் சொல்வார், அதனால் அவரையும் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பெரியவர் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மலையில் அவர் இருக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். முதல்முறையாக ஒழுங்காகக் காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரைக்கு மஞ்சு இறங்கியது, மூடுபனியைத்தான் அப்படிச் சொல்வோம். எங்கள் மலையில் மஞ்சு இறங்கினால் சொல்லிக்கொண்டு இறங்காது. எதிர் மலை போனது, மேல் ரோடு போனது, பிறகு சோலையும் போய்விட்டது. நான் எழுந்து எஸ்டேட் பாதைக்கு நடந்தேன். கொளுந்துச் சாக்கு ஏற்றிய டிராக்டர் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. பதினைந்தாம் நம்பர் பக்கமிருந்து வந்தது.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இந்தப் பக்கம் ஏது கொளுந்து?"

"ஒம்பதுல மருந்து அடிச்சிருக்காங்கண்ணே, வாடை தாங்கல. மத்தியானமே எல்லாரையும் பதினஞ்சுக்கு மாத்தி விட்டுட்டாரு சூப்பர்வைசர்" என்றார் டிரைவர்.

நான் டிராக்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் ரோட்டு வழியாத்தான போறாக?"

"சுத்திப் போனா அதுக்குள்ள லயத்துக் குழாயில தண்ணி நின்னுரும்ல. முக்காவாசிப் பேரு என்கூட வண்டியிலயே தொத்திக்கிட்டாக, பின்னாடி பாருங்க. ஒங்க வீட்டு அக்காவும் பக்கத்து வீட்டு மதினியும் மட்டும் எடம் இல்லைன்னு குறுக்கால எறங்குனாக. இப்பத்தான்."

நான் போனை எடுத்தேன். ஒன்றரை மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்த எழுத்தை அனுப்பினேன். என் மனைவிக்குத் தனியாகவும் அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் அழைக்கும் நபர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் நிதானமாக மலையாளத்தில் சொன்னது. சோலைப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. அது எனக்குத் தெரியாதா என்ன.

ஓடினேன். பாதையில் ஓடவில்லை, தேயிலைக்கு நடுவே நேராகக் கீழே. தேயிலைச் செடியின் வாது முகத்தில் அடித்தது. ஒரு கானில் விழுந்து எழுந்தேன், அடுத்த கானிலும் விழுந்தேன். தடி எங்கோ போய்விட்டது. ஓடும்போது அவளை நினைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. நான் நினைத்ததெல்லாம், அய்யோ தெரிந்துவிடுமே, நான் பார்த்தேன் என்று தெரிந்துவிடுமே என்பதுதான்.

சோலைக்குள் நுழைந்ததும் ஓட முடியவில்லை. நாலடிக்கு மேல் கண் தெரியவில்லை. முதலில் வாடை வந்தது. பிறகு பாதையில் சூடாக ஆவி பறக்கிற யானை லத்தி. ஓடை ஓரத்திலிருந்து அவர் பாதைக்கு ஏறிவிட்டார். எங்கோ முன்னால் ஒரு கிளை முறிந்தது. வலப்பக்கமா இடப்பக்கமா என்று மஞ்சில் பிடிபடவில்லை.

பட்டாசைக் கையில் எடுத்தேன். தீப்பெட்டியையும் எடுத்தேன். குச்சியை உரசப் போகும்போதுதான் புத்தி வந்தது. நான் இந்தப் பக்கம் வெடித்தால் அவர் அந்தப் பக்கம் ஓடுவார். அந்தப் பக்கத்திலிருந்துதான் அவர்கள் இறங்கி வருகிறார்கள். கத்தினாலும் அதே கதி. பேசாமல் இருந்தால் அவர்களே நடந்து வந்து அவர் மேல் முட்டுவார்கள். சர்க்கார் எனக்குக் கொடுத்த ஒரே ஆயுதம் அப்போது என் மனைவியைக் கொல்வதற்குத்தான் உதவும். குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றேன். கால்சட்டை நனைந்தது. மழைத்தண்ணீர் என்று நினைத்தேன். மழை பெய்யவில்லை.

அப்போது அவள் குரல் கேட்டது. ரொம்பப் பக்கத்தில், ரொம்ப மெதுவாக.

"சாமி, நாங்க கொளுந்து எடுக்கிற பொம்பளைக. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் பண்ண மாட்டோம். நீங்க இங்க இருக்கிறது தெரியாம வந்துட்டோம். வழி விடுங்க சாமி. தண்ணி நின்னுரும்."

அவள் குரல் ஆடவே இல்லை. வீட்டுக்கு வந்த பெரிய மனிதரிடம் பேசுவதுபோல் பேசினாள். பதிலுக்கு ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு திடீரென்று ஒரு பெண் அலறினாள், எதுவோ சரிந்து விழுந்தது, செடிகள் மடமடவென்று முறிந்தன.

நான் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன் என்று எழுத ஆசைதான். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் செத்துவிட்டாள் என்று நிச்சயமாக நம்பினேன். மஞ்சுக்குள்ளிருந்து முதலில் ஒரு கொம்பு வந்தது. பிறகு நெற்றி. பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். கையை நீட்டினால் தொடலாம். கால் வைக்கிற சத்தம்கூட இல்லை. என்னைப் பார்த்தாரோ இல்லையோ, பார்க்காததுபோல் போய்விட்டார்.

தவழ்ந்துதான் போனேன். பாதைக்குக் கீழே ஒரு குழியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உடம்பெல்லாம் சேறு. மதினி பின்வாங்கும்போது கால் இடறி விழுந்திருக்கிறாள், என் மனைவியும் அவளைப் பிடிக்கப் போய்ச் சேர்ந்து விழுந்திருக்கிறாள். பெரியவர் அவர்கள் நின்ற இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறார். சாப்பாட்டுத் தூக்கு மண்ணோடு மண்ணாக அமுங்கிக் கிடந்தது. மதினியின் வலது மணிக்கட்டு முறிந்து திரும்பியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

என் மனைவி என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

மதினிதான் பேசினாள். "ரோட்டு வழியாவே போயிருவோம், மஞ்சா இருக்குன்னு நான் சொன்னேன் தம்பி."

"நான்தான் கூட்டியாந்தேன்" என்றாள் என் மனைவி. பல் தந்தியடித்தது. "மேல நின்னு போனைப் பாத்தேன். இவுக ஒண்ணும் போடல. இவுக போடலைன்னா இந்தப் பக்கம் இல்லைன்னுதான அர்த்தம், தைரியமா வாங்க மதினின்னு நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

நான் மதினியின் கையைத் துண்டால் கட்டினேன். தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு மெதுவாக மேலே ஏறினோம். பாதை திரும்புகிற இடத்தில் சிக்னல் கிடைத்தது. என் மனைவியின் இடுப்பில் செருகியிருந்த போன் சிணுங்கியது. உடனே மதினியின் பையிலும் சிணுங்கியது.

அவள் எடுத்துப் பார்த்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. வாய்விட்டுப் படித்தாள். நேரத்தையும் படித்தாள்.

"நாலு அம்பதுக்குப் போட்டிருக்காக. நாங்க எறங்குன பொறவுதான் இவுக கண்ணுலயே பட்டிருக்கு" என்று மதினியிடம் சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, அப்பத்தான பாத்தீக?"

"ஆமா" என்றேன்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். "பாத்தீகளா மதினி. அட்டைக்குப் பயப்படுற மனுசன். கண்டதும் போட்டுட்டு, தடிகூட இல்லாம உள்ள எறங்கி வந்திருக்காக."

மதினி உடையாத கையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்றாள்.

நான் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன்.